பதினாறு பக்க மலை

மூன்றாவது முறையாகவும் மணிகண்டராஜ் அந்த மலையடிவாரத்திலேயே உறங்கிப்போனார். விழித்தபோது புத்தகம் முகத்தின் மேல் கூரை போட்டிருந்தது. கூரைக்கு வெளியே மனைவி யோகலட்சுமி, சர்க்கரை பார்க்கும் மெஷினோடு நின்றிருந்தாள்.

"விரலை நீட்டுங்க. பகல்ல இப்படி உறங்குற ஆளில்லையே நீங்க."

"சர்க்கரை இல்ல யோகம். புத்தகம்."

"புத்தகம் அடிக்கிறதுதான உங்க தொழிலு? படிக்க எப்ப ஆரம்பிச்சீக?"

அன்று காலையில்தான் ஆரம்பித்திருந்தார். சிவகாசியில் அவருடைய பிரஸ்ஸுக்கு ஆடியிலிருந்து மார்கழி வரை காலண்டர் சீசன். தை பிறந்துவிட்டால் மெஷின்களும் நாற்பது ஆட்களும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த வருஷம் அந்தச் சுவரை உடைக்க வந்தவள் சுகிர்தா. விருதுநகர் எண்ணெய்க் கடைக்காரர் மகள். சென்னையில் பதிப்பகம் நடத்துகிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான மாயக்கதை ஒன்றைப் போடுகிறாள். பெயர் 'நெருஞ்சியும் அல்லியும்'. ஒரே மந்திரக்கோலுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு இளம் சூனியக்காரிகளின் கதை. மொத்தம் ஏழு பாகம். முதல் பாகத்தை ஐந்நூறு பிரதி அடித்து, முந்நூறை அனுப்பியும் ஆயிற்று. மீதி ஆறு பாகமும் கிடைத்தால் ஆடி வரை ஒருவரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் காலையில் போன் போட்டவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"முன்னால ஒரு பிரஸ்ல கொடுத்தேன் அண்ணாச்சி. பாதிப் புத்தகத்துல அட்டையைத் தலைகீழா ஒட்டித் தந்தாக. வாசிக்காத ஆளுகிட்ட கொடுத்தா அப்படித்தான். நீங்க படிச்சு, ரசிச்சு வைங்க. திங்கக்கிழமை நேர்ல வந்து கேப்பேன்."

"படிச்சிருதேன்மா. ரசிக்கிறதுல கொஞ்சம் குறைச்சுக்கிருவமா?"

"ரசிக்கிறதுல தள்ளுபடி கிடையாது அண்ணாச்சி."

புத்தகம் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. பதினெட்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பதினாறு பக்கம். பதினாறு பக்கத்தை ஒரே பெரிய தாளில் அடித்து மடித்தால் பிரஸ்காரர்களுக்கு அது ஒரு பாரம். ஆக, அத்தியாயத்துக்கு ஒரு பாரம். சூனியக்காரிகளுக்கு எண் ஆகாது என்று எழுத்தாளர் சொல்லிவிட்டதால் பக்க எண், அத்தியாய எண் எதுவும் கிடையாது. அந்த இடத்தில் பிறைநிலா படம்.

தொல்லை முதல் அத்தியாயத்தில் இருந்தது. அதில் சூனியக்காரியே இல்லை, மலைதான் இருந்தது. மலையின் மேற்குச் சரிவு, அதில் பனி. அப்புறம் கிழக்குச் சரிவு, அதிலும் பனி. நிலப் பத்திரத்தில்கூட இத்தனை எல்லை எழுதமாட்டார்கள் என்று நினைத்தபடியே அவர் நாலாவது முறையும் உறங்கினார்.

வெள்ளிக்கிழமை ஒரு யோசனை தோன்றியது. நின்றுகொண்டு படித்தால் எப்படி உறக்கம் வரும்? மெஷின் பக்கத்தில் நின்று படித்தார். வடக்குச் சரிவு வந்தபோது நின்றபடியே கண் சொருகி, பின்னால் அடுக்கியிருந்த ஈரம் காயாத புஸ்வாண லேபிள் மேல் சாய்ந்தார். வெள்ளைச் சட்டை முதுகில் பன்னிரண்டு புஸ்வாணம் பூத்தது. அது தெரியாமல் பஜாருக்கு டீ குடிக்கப் போனவரிடம் வெளியூர் வியாபாரி ஒருவர் முதுகைப் பார்த்து, பெட்டி என்ன விலை என்று கேட்டார்.

சனிக்கிழமை, மேனேஜர் பால்பாண்டியைக் கூப்பிட்டார்.

"ஏலே பாண்டி, நீ சத்தமா வாசி. காதுல விழுந்தா உறக்கம் வராது."

பால்பாண்டி, பாக்கி வைத்தவர்களின் பட்டியலை வாசிக்கும் குரலில் மலையை வாசித்தான். முதலில் கணக்குப்பிள்ளை சாய்ந்தார். அடுத்து மெஷின்காரர்கள் இரண்டு பேர். பிறகு மணிகண்டராஜ். கடைசியாக, தெற்குச் சரிவில், வாசித்தவனே விழுந்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்க தாயில்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் ஒன்று, ஆபீஸே உறங்குவதைப் பார்த்துவிட்டு, எழுப்புவது மரியாதையில்லை என்று எதிர் பிரஸ்ஸில் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனது.

சாயந்தரம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பிரீத்திகா, அப்பா கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். பிரஸ்ஸிலிருந்து அவள் எடுத்துப்போன பிரதி வகுப்பெல்லாம் சுற்றி, ஓரம் கிழிந்து வந்திருந்தது.

"முதல் பாடத்தையா படிக்கீக? எங்க கிளாஸ்ல அதை ஒருத்தரும் படிக்கலப்பா. தாண்டிப் போங்க."

"விலை போட்டு விக்கிற சரக்குல பதினாறு பக்கத்தை வீசச் சொல்றியா?"

"வெங்காயத்துல மேல்தோலை உரிச்சுத்தான போடுறோம்?"

வியாபாரி மனசுக்கு அது ஏற்புடையதாக இருந்தது. தாண்டினார்.

இரண்டாவது அத்தியாயத்தின் முதல் வரியில் அல்லி செத்துக் கிடந்தாள். அவளுடைய ஜென்மப் பகையாளி நெருஞ்சி, தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மணிகண்டராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பகையாளி எதற்கு அழுகிறாள்? மூன்றாவது அத்தியாயத்தில் அல்லிக்குப் பத்து வயது. மந்திரக்கோலைப் பிடுங்கி நெருஞ்சியின் மண்டையில் போட்டாள். இந்தக் குட்டியா அப்படிச் சாகப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை அவர் அசையவில்லை. ஆளுக்கு ஆறு மாசம் என்று கோலைப் பங்கு வைத்தால் ஒரு டீயில் முடிகிற பஞ்சாயத்து இது என்று முதலில் நினைத்தவர், கோல் முறிந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பகையாளிகள் இருவரும் ஒரே அறையில் மாயப்பொடியை மூட்டை மூட்டையாகக் குவித்தபோது, "அம்புட்டுப் பொடியை ஒரே ரூம்ல வச்சா லைசென்ஸ் என்னத்துக்கு ஆகும்?" என்று வாய்விட்டே பதறினார். கடைசிப் பக்கம் முடிந்ததும் துண்டால் கண்ணைத் துடைத்தார். யோகலட்சுமி மறுபடியும் சர்க்கரை மெஷினை எடுத்து வந்தாள்.

திங்கட்கிழமை சுகிர்தா வந்து டீ கிளாஸைக் கையில் எடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"என்னா எழுத்தும்மா. அல்லியை ரெண்டாவது அத்தியாயத்துலயே சாகடிச்சாரு பாரு, அங்கன நிக்கிறாரு எழுத்தாளரு. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரிக்கிற இடமெல்லாம் நமக்கு அழுகை வருது."

சுகிர்தாவின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"அல்லி சாகுறது பதினேழாவது அத்தியாயம் அண்ணாச்சி."

அவள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். பிறகு மீதிப் புத்தகக் கட்டுகளிலிருந்து ஒன்றை உருவினாள், இன்னொன்றையும் உருவினாள். எல்லாவற்றிலும் மலை, அதையடுத்துச் சாவு, அதற்கப்புறம்தான் சின்ன வயசு. பாரம் மாற்றி அடுக்கித் தைத்திருக்கிறார்கள். பால்பாண்டி மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான். மீதி ஆறு பாகமும் துடைப்பத்தில் ஏறி ஜன்னல் வழியே பறந்து போவது மணிகண்டராஜ் கண்ணுக்கே தெரிந்தது.

"ஐந்நூறும் இப்படித்தானா?"

"அப்படித்தான்மா தெரியுது."

சுகிர்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டத்தான் போகிறாள் என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணித்தாள்.

"மதுரைக் கண்காட்சியில முந்நூறும் ரெண்டே நாள்ல வித்துப்போச்சு. அடுத்த பாகம் எப்பன்னு பிள்ளைக போன் போட்டுக்கிட்டே இருக்கு. எனக்கு ஒண்ணும் விளங்கல. எழுதுனது எங்க வீட்டுக்காரரு. கையெழுத்துப் பிரதியைப் படிக்கையில நானே நாலு தடவை உறங்குனேன். அவுககிட்ட இன்னும் சொல்லல."

"நான் ஆறு தடவைம்மா."

சுகிர்தா புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"அண்ணாச்சி, மீதி ஆறும் உங்களுக்குத்தான். ஆனா இதே தப்போட வேணும்."

போன உயிர் திரும்பியதும் மணிகண்டராஜுக்கு முதலில் வந்தது வியாபாரம்.

"சரியா அடுக்கத்தாம்மா அந்த ரேட்டு. தப்பா அடுக்குறது நுணுக்கமான வேலை. பிரதிக்கு ஒரு ரூவா கூட ஆகும்."

"எட்டணா. அதுக்கு மேல நான் எண்ணெய்க் கடைக்காரர் மகளே இல்ல. சரி, இந்தத் தப்பை மறுபடி எப்படிப் பண்ணுவீக?"

அது அவருக்குத் தெரியவில்லை. பால்பாண்டிக்கும் தெரியவில்லை. நீள மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு பாரமாக எடுத்து அடுக்கும் பெண்களுக்குத் தலைவியான மாரித்தாயைக் கூப்பிட்டார்கள். பசைக் கையோடு வந்து நின்றாள்.

"மாரித்தாயி, பயப்படாத. திட்டுறதுக்குக் கூப்பிடல. இந்தப் புத்தகத்துல பாரம் மாறிப்போச்சுல்ல, அந்தத் தப்பு எப்படி நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு. அதே மாதிரி இன்னும் ஆறு பண்ணணும்."

மாரித்தாய்க்கு முகம் சுண்டியது.

"தப்பா அண்ணாச்சி? வரிசையா அடுக்கி ஒண்ணை வாசிச்சுப் பாத்தேன், கதை ஓடல. அதான் சாவைத் தூக்கி முன்னால போட்டேன். முதல் பாரத்துல புத்தகத்துப் பேரு இருக்கு, நகத்த முடியல. இல்லாட்டி அந்த மலையையும் கடைசிக்குத் தள்ளியிருப்பேன்."