வண்டியில் சேர்க்கப்பட்ட தையல் மிஷின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகைத் தவிர அனைவரும் நலம். அங்கே உன் முதுகு உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் உன் அக்காவின் காதில் விழுந்துவிடும் என்பதால் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

வரும் வெள்ளிக்கிழமை உன் அக்காவுக்கு அறுபது வயது நிறைகிறது. தையல் மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் போய்விட்டது. இனி மிதித்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளோ பள்ளிச் சீருடைக்கு ஆர்டர் பிடித்துவிட்டு, "ஒரு காலால மெதுவா மிதிச்சுக்கறேன்" என்கிறாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் கேட்காமல் நான் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. கேட்டும் சிலது வாங்கவில்லை. ஆகவே அவளுக்குத் தெரியாமல் மோட்டார் மிஷின் ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தேன். கையில் பன்னிரண்டாயிரம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

எங்கள் இருவருக்கும் பொதுவான செல்போனில் நீ போட்டுக் கொடுத்த அந்த ஆன்லைன் கடையில் பார்த்தால் பதினாலாயிரம். முப்பது வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து எழுதியவன் நான். எண் ஏறும், இறங்கிப் பார்த்ததில்லை. இங்கேயோ காலையில் பதிமூன்று, பல் தேய்த்துவிட்டு வந்தால் பதினைந்து. உள்ளே மிதிக்கிற சத்தம் கேட்கும்வரை விலையைப் பார்ப்பேன், சத்தம் நின்றால் போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிடுவேன். நாற்பது நாள் இப்படியே போயிற்று, நோட்டில் ஆறு பக்கம் நிறைந்தது, கண் பூத்துப்போயிற்று. ஒரு மத்தியானம் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்! உடனே அமுக்கினேன். 'உங்கள் பொருள் வண்டியில் சேர்க்கப்பட்டது' என்று தமிழிலேயே வந்தது. அப்பாடா, வண்டியில் ஏற்றிவிட்டார்கள், இனி வர வேண்டியதுதான் பாக்கி என்று வாசலில் போய் நின்றேன்.

பதினோரு நாள் நின்றேன், மாப்பிள்ளை. மூன்றாம் நாள் 'உங்கள் வண்டி காத்திருக்கிறது' என்று செய்தி. தெருமுனை வரை ஓடினேன். குப்பை லாரிதான் நின்றது. ஆறாம் நாள் 'உங்கள் வண்டியை மறந்துவிட்டீர்களா?' ஸ்கூட்டரை விற்று நாலு வருஷமாகிறது, அதுகூட இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதே என்று பயந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் 'வண்டியில் உள்ள பொருளின் விலை உயர்ந்துள்ளது'. ஏற்றி அனுப்பிய சாமானுக்கு வழியில் விலையை ஏற்றுவது என்ன நியாயம்? உன் அக்கா, "யாருக்குங்க இப்படிக் கால் கடுக்க நிக்கறீங்க?" என்றாள். காற்று வாங்க என்றேன். காற்று வாங்குகிற மூஞ்சியா இது என்பதுபோல் பார்த்தாள்.

நேற்று எங்கள் தெருவுக்கு வரும் பார்சல்காரர் என்மேல் இரக்கப்பட்டு போனை வாங்கிப் பார்த்தார். "சார், வண்டின்னா வண்டி இல்ல. கடையில சாமானை எடுத்து வெச்சுக்குவோமே, அந்தக் கூடை மாதிரி. நீங்க இன்னும் பணமே கட்டல" என்றார். இன்றைய விலை பதினாலாயிரத்து இருநூறு. எனக்கு அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வெறுங்கையோடுதான் அவள் முன்னால் நிற்கப்போகிறேன், வெட்கமாக இருக்கிறது. நீயாவது அந்தச் சீருடை ஆர்டரை விடச் சொல்லிப் பேசு. நீ சொன்னால் கேட்பாள்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள், முழங்கால் பத்திரம் என்ற எச்சரிக்கையோடு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து கடிதம் மூன்று நாள் என்னிடமே தங்கிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. காலையில் பார்சல்காரர், "சார், வண்டி வந்திருச்சு!" என்று இரண்டு பெட்டிகளை இறக்கினார். ஒன்றில் மோட்டார் மிஷின், இன்னொன்றில் நாற்காலி. நான் வாசலில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் உன் அக்கா, பட்டன் கடைக்கார அம்மாளிடம் போனைக் கொடுத்து எனக்கு ஒரு நாற்காலி வாங்கச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் 'வண்டியில்' இருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாள். அத்தனையும் உன் அக்கா சீருடை தைத்த பணம். "நாற்காலி பதினேழாயிரம்னாங்க. அவருக்குத்தானே, போகட்டும்னு குடுத்துட்டேன். இவரு பாருங்க, நான் கேக்காமலே எனக்கு மிஷின் வாங்கியிருக்காரு!" என்று எதிர்வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் பெட்டியைப் பிரிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அந்த நாற்காலியில் முதுகைச் சாய்க்கவே பயமாக இருக்கிறது. அவளிடம் எதுவும் பேச வேண்டாம். என் பன்னிரண்டாயிரத்தை என்ன காரணம் சொல்லி அவள் கையில் கொடுப்பது என்று மட்டும் உடனே எழுது.