ஆளில்லாத ஆலையில் நாற்பத்தோராயிரம் வாளி

கடலூர்,
புதன்கிழமை.

சிதம்பரத்தில் அரிசி மண்டி நடத்தும் மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை தில்லைநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் மகள் பவானியும் பிள்ளைகளும் சுகம். என் வேலைதான் சுகமில்லை. போனில் சொன்னால் பவானி காதில் விழும் என்பதால் கடிதம்.

எங்கள் பிளாஸ்டிக் வாளி ஆலையில் போன மாதம் மிஷினுக்கு ஒரு எலெக்ட்ரானிக் கண் வைத்தார்கள். வாளி ஒவ்வொன்றும் அதைக் கடக்கும்போது எண்ணி, அந்த நிமிடமே சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். ஆயுத பூஜைக்கு மிஷினை நிறுத்தி, தரையைக் கழுவி, பொட்டு வைத்துப் பெரிய சாமந்தி மாலை போட்டோம். மாலையின் நுனி சரியாக அந்தக் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. கூட்டிப் பெருக்கும் கொளஞ்சியம்மாள், ஈரம் காயட்டும் என்று ஃபேனைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் விடுமுறையும் மாலை ஆடியது, கண் எண்ணியது, மொத்தம் நாற்பத்தோராயிரம்.

திரும்பி வந்தால் சென்னையிலிருந்து பாராட்டு மெயில், பின்னாலேயே சரக்கு ஏற்ற ஏழு லாரி. மேனேஜர் ரேகா மேடத்திடம் ஓடி, குடோனில் ஆயிரம் வாளிகூட இல்லை, எண்ணியதெல்லாம் மாலையை என்று சொன்னேன். அவர் ஸ்கிரீனை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

"கண்ணால பாத்தத வச்சிப் பேசாதீங்க தில்லைநாதன். டேட்டா என்னா சொல்லுதுன்னு பாருங்க" என்றார்.

டேட்டா சொன்ன வாளிகளை நானும் லாரி டிரைவர்களும் கக்கூஸ் வரைக்கும் தேடினோம்.

மாலையைக் கழற்றினேன். எண்ணிக்கை வழக்கம்போல் தினம் ஆயிரத்து இருநூறுக்கு இறங்கியது. உடனே, உற்பத்தியைக் கெடுத்தது ஏன் என்று எனக்கு மெமோ. இருபது வருஷமா ஒரு மெமோ வாங்காதவன் மாமா நானு. வெக்கமா இருக்கு, சோறு எறங்கல. வெள்ளிக்கிழமைக்குள் பழைய எண்ணிக்கை வராவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் மண்டியில் மூட்டை எண்ணும் வேலையாவது கொடுங்கள். ஒவ்வொரு மூட்டையையும் கையால் தொட்டே எண்ணுவேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும். தில்லை அம்பலத்தான் உங்கள் மண்டியையும் என்னையும் சேர்த்தே காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தில்லைநாதன்

பி.கு.: கவரை ஒட்டும் முன் வந்த செய்தி. மெமோ வாபஸ். ஆட்கள் வேலைக்கு வராத நாட்களில்தான் உற்பத்தி உச்சத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிட்டதாம். இனி வாரம் மூன்று நாள் எல்லோருக்கும் சம்பளத்தோடு விடுமுறை. எனக்கு மண்டி வேலை வேண்டாம். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருகிறோம், அத்தையிடம் இறால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். உற்பத்தி இதே வேகத்தில் ஏறினால் பொங்கல் வரை அங்கேதான் இருப்போம்.