பதினேழாம் பக்கத்துக் கறிபாப்

திங்கட்கிழமை காலை பாஸ் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். எங்கள் அலுவலகத்தில் செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்தப்போகிறோம் என்று ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று எழுதவேண்டும். வெள்ளிக்கிழமை இயக்குநர்கள் கூட்டம். அதற்குள் வேண்டும்.

ஐந்து வருடத்தை நான்கு நாளில் யோசிக்கவேண்டும், அவ்வளவுதான்.

எங்களுடையது ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இயங்கும் கம்பெனி. பேரா மாநிலத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலங்களை நிர்வகிக்கிறோம். இப்போது பாதி நிலத்தில் செம்பனை, மீதியில் வீடமைப்பு. ரப்பர் மரம் என்று சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லை. ரப்பர்க் காலத்து ஃபைல்கள் மட்டும் ஓர் அறை நிறைய இருக்கின்றன.

நான் இங்கே நிர்வாக அதிகாரி. கடிதம் எழுதுவது, அறிக்கை எழுதுவது, மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது ஆகிய மூன்றும் என் வேலைகள். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் மனமாரச் செய்கிறேன்.

பாஸ் யாழ்ப்பாணப் பரம்பரை. எல்லாரையும் "ஐசே" என்பார். போன வாரம் கோலாலம்பூரில் ஒருநாள் கருத்தரங்குக்குப் போனவர், ஒரு துணிப்பையும் நிறையப் பயமும் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். எல்லாக் கம்பெனியிடமும் இப்படி ஒரு திட்டம் இருக்கிறதாம், நம்மிடம் மட்டும்தான் இல்லையாம், சேர்மன் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றார்.

நான் கதவைத் திறக்கும்போது இன்னொன்றும் சொன்னார்.

"ஐசே, யாராவது ஒரு ஆளயாவது குறைச்சுக் காட்டோணும். இல்லாட்டி சேர்மன் இத ஏஐ எண்டு நம்பமாட்டார்."

யாரை என்று கேட்டேன். அதையும் முடிவு செய்து வைத்திருந்தார். ஃபைல் ரூம். முதல் வருடத்தில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் அங்கே ஓர் ஆள் எதற்கு?

அந்த ஆள் ரோஸ்மேரி அக்கா. தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அந்த அறையில் இருபத்தாறு வருடம். தோட்டம் மூடியபோது எங்கெங்கோ சிதறிப்போன குடும்பத்தினர் இன்றைக்கும் அக்காவைத் தேடி மாடிப்படி ஏறி வருவார்கள். அப்பா எங்கே வேலை செய்தார், தாங்கள் எந்தத் தோட்டத்தில் பிறந்தோம் என்பதற்கு ஒரு தாள் வேண்டும் என்பார்கள். அக்கா எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அப்பா ரப்பர்ப் பால்வெட்டா ஸ்டோர் வேலையா என்று மூன்று கேள்வி கேட்பார். பத்து நிமிடத்தில் ஒரு பதிவேட்டைத் தூசி தட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. கடைசி மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்.

அப்போதே நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். "சரி பாஸ்" என்றேன். அரைப்புள்ளியை எங்கே வைக்கவேண்டும் என்று நாலு பேருக்குப் பாடம் எடுக்கத் தெரியும். வாயை எங்கே திறக்கவேண்டும் என்று தெரியாது.

திங்களும் செவ்வாயும் 'நுண்ணறிவு' என்றால் என்ன என்று வரையறுப்பதிலேயே போயின. கிரேக்கர்களிடமிருந்து தொடங்கினேன். திட்டத்துக்கும் உத்திக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று பக்கம் விளக்கினேன். அடிக்குறிப்பு நாற்பது. ஒன்பதாம் பக்கத்தில் அக்காவின் வேலை முதலாண்டு முடிவில் இல்லாமல் போகும் என்று எழுதவேண்டிய இடம் வந்தது. ஆங்கிலத்தில் மிக மென்மையான ஒரு சொல்லைத் தேடிப்பிடித்துப் போட்டேன். படிப்பவருக்கு யாரோ பாங்கோர் தீவுக்குக் காற்று வாங்கப் போவதுபோல இருக்கும்.

எழுதி முடித்தபின் அந்தச் சொல்லை நானே இரண்டு முறை ரசித்தேன். இதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

புதன்கிழமை முப்பத்தொரு பக்கம் தயார்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆவணமும் இயக்குநர்களுக்குப் போகுமுன் பழுப்பு ஃபைலில் ஏழு பிரிவுத் தலைவர்களையும் சுற்றி வரவேண்டும். ஒவ்வொருவரும் 'முழுவதும் படித்தேன்' என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போடவேண்டும். பதினொரு வருடமாகப் பார்க்கிறேன். அந்த வரியைத் தவிர வேறு எதையும் அவர்கள் படித்ததாகச் சான்று இல்லை.

அங்கேதான் எனக்குக் குறும்பு தலைதூக்கியது. பதினேழாம் பக்கத்தின் நடுவில், தரவுப் பாதுகாப்பு பற்றிய ஒரு நீண்ட பத்திக்குள், ஒரு வாக்கியத்தைச் செருகினேன்: 'இந்த ஆவணத்தை இவ்வரி வரை முழுமையாகப் படிக்கும் ஊழியருக்கு நிர்வாக அதிகாரியின் மேசையில் ஒரு கறிபாப் வழங்கப்படும்.'

புந்தோங்கில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் நன்றாக இருக்கும். ஆனால் நான் ஒன்றுகூட வாங்கி வைக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை!

வியாழக்கிழமை காலை சுற்றுக்குப் போன ஃபைல் ஒன்றரை மணி நேரத்தில் ஏழு கையெழுத்துடன் திரும்பியது. போக்குவரத்துப் பிரிவுத் தலைவன் குமரன் என்னோடு தினமும் சாப்பிடுகிறவன். திட்டம் ரொம்ப ஆழமாக இருக்கிறது என்று பாராட்டினான். எந்தப் பகுதி என்று கேட்டேன்.

"எல்லாப் பகுதியுந்தான் மச்சான். ஒண்ணு விடாம ஆழம்லா."

மனதுக்குள் சிரித்துக்கொண்டு ஒரு பிரதியை ஃபைல் ரூமுக்கு அனுப்பினேன். எல்லா ஆவணத்துக்கும் ஒரு பிரதி அங்கே போகும். அதுவும் வழக்கம்தான்.

மத்தியானம் ரோஸ்மேரி அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் அந்தப் பிரதி.

"பதினேழாம் பக்கம் படிச்சிட்டேன் தம்பி. கறிபாப் எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் ஏன் அக்கா படித்தீர்கள் என்று கேட்டேன். படிக்காமல் எந்த அலமாரியில் வைப்பது என்று எப்படித் தெரியும் என்றார். இருபத்தாறு வருடமாக அறைக்குள் வரும் ஒவ்வொரு தாளையும் அப்படித்தான் வைக்கிறாராம். நாளைக்குக் கட்டாயம் வாங்கி வருகிறேன் என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"ஒன்பதாம் பக்கமும் படிச்சிட்டேன்."

எனக்கு மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரைச் சரிசெய்யவேண்டிய அவசியம் திடீரென்று ஏற்பட்டது.

"ஒன்பதாம் பக்கத்தில ஆளத் தூக்கிட்டு, பதினேழாம் பக்கத்தில பலகாரம் குடுக்கிறீங்க. நடுவுல ஏழு பக்கம் என்ன யோசிச்சீங்க தம்பி?"

நடுவில் நான் கடவுச்சொற்களைப் பற்றி யோசித்திருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

அக்கா கெஞ்சவில்லை, அழவும் இல்லை. போகும்போது மட்டும், அட்டையில் ஐந்தாண்டுத் திட்டம் என்று போட்டிருக்கிறது, இருபத்திரண்டாம் பக்கத்து அட்டவணையில் ஆறு வருடம் வருகிறது, எது சரி என்று கேட்டுவிட்டுப் போனார்.

எடுத்துப் பார்த்தேன். ஆறுதான். நான் எழுதியதில் இன்னொருவர் பிழை கண்டுபிடித்தது அதுவே முதல் முறை. அன்றைக்கு எது அதிகம் வலித்தது என்று கேட்காதீர்கள். நேர்மையான பதில் எனக்குப் பெருமை சேர்க்காது.

இரண்டு பக்கத்தையும் கிழித்துவிடுவது என்று முடிவுசெய்து பாஸ் அறைக்கு ஓடினேன். சிறு திருத்தம் இருக்கிறது, திட்டத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். சேர்மனுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். முப்பத்தொரு பக்கத்தையுமா?

"முப்பத்தொரு பக்கத்த ஆர் படிக்கிறது ஐசே? ஏஐகிட்ட குடுத்து ஒரு பக்கமாச் சுருக்கிட்டன். அதுக்குத்தானே அது இருக்கு."

கைப்பேசியில் காட்டினார். ஐந்து புள்ளிகள். கிரேக்கர்களைக் காணவில்லை. நாற்பது அடிக்குறிப்பும் போன இடம் தெரியவில்லை. இரண்டாவது புள்ளி: ஃபைல் அறை முதலாண்டில் மூடப்படும். நான் கடலோரத்துக்கு அனுப்பிவைத்த மென்மையான சொல்லை அது ஒரே நொடியில் தோட்டத்தில் கணக்கு எழுதும் தமிழ்க் கிராணி மாதிரி நேராகச் சொல்லிவிட்டிருந்தது. நான்காவது புள்ளி: ஆவணங்களை முழுமையாகப் படிக்கும் ஊழியர்களுக்குக் கறிபாப் ஊக்கத்திட்டம், பொறுப்பு, நிர்வாக அதிகாரி.

ஆக, நான் எழுதியதை முழுவதும் படித்தவர்கள் இருவர். ஒருவரை நான் வேலையிலிருந்து நீக்கியிருந்தேன். இன்னொன்று ஆளே இல்லை.

நான்காவது புள்ளி பாஸுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மனிதத் தொடுகை இருக்கிறதாம். அது விளையாட்டு என்று சொன்னால், பாஸுக்கும் ஏழு பேருக்கும் பொறி வைத்தேன் என்று எழுதிக்கொடுத்ததாகிவிடும். நான் மறுபடியும் "சரி பாஸ்" என்றேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். சேர்மன் எழுபது வயதுக்காரர், டத்தோ பட்டம் பெற்றவர், பாரிட் புந்தார்க்காரர், அரிசி ஆலைக் குடும்பம். ஒரே பக்கம் என்பதால் முழுவதும் படித்திருந்தார். முதல் கேள்வியே கறிபாப்தான். இது என்ன திட்டம்?

பாஸ் பிரிவுத் தலைவர்களைப் பார்த்தார். ஏழு பேரும் 'முழுவதும் படித்தேன்' என்று கையெழுத்துப் போட்டவர்கள். தெரியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இது போக்குவரத்துப் பிரிவின் தேவைக்கு மிகவும் பொருந்துகிறது என்றான் குமரன். கணக்குப் பிரிவு அம்மையார், இதைப் பற்றி நாங்கள் நீண்டநேரம் விவாதித்தோம் என்றார். மனிதவளப் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஜப்பானில் எல்லாம் இப்போது இப்படித்தான் என்றது. ஜப்பானில் கறிபாப்!

டத்தோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதை எங்காவது சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். பாஸ் என்னைப் பார்த்தார்.

சோதித்தோம் டத்தோ, நேற்று, என்றேன். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்றார். எல்லாப் பிரிவுத் தலைவர்களும் ஃபைல் ரூமும் என்றேன். எத்தனை பேருக்குக் கறிபாப் கிடைத்தது?

இதற்கு மேல் "சரி பாஸ்" என்று சொல்ல வழியில்லை.

"ஒருத்தருக்குத்தான் டத்தோ. ஃபைல் ரூம் ரோஸ்மேரிக்கு."

ஏழு பேரும் தங்கள் பேனாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் எதையோ கவனமாகப் படித்து அன்றுதான் பார்த்தேன்.

டத்தோ தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். இரண்டாவது புள்ளியில் விரலை வைத்தார்.

"இந்த மூடப்போற ரூமா?"

"ஆமா டத்தோ."

"அப்ப படிக்கிற ஒரே ஆள வீட்டுக்கு அனுப்பிட்டு, படிக்காத ஏழு பேர வச்சு மிஷின் ஓட்டப்போறீங்க?"

பாஸ்தான் முதலில் சுதாரித்தார். நான்காவது புள்ளி வந்ததே இரண்டாவதைத் திருத்தத்தான் என்று விளக்கினார். அந்த மனிதர் சும்மா பொது மேலாளர் ஆகிவிடவில்லை.

முடிவாயிற்று. ஸ்கேன் நடக்கும், ஃபைல் ரூமும் இருக்கும். இனி மிஷின் எழுதினாலும் மனிதன் எழுதினாலும், எந்தத் தாளும் ரோஸ்மேரி படித்துக் கையெழுத்துப் போடாமல் மேலே போகக்கூடாது. ஒரு வருடச் சோதனை. பிறகு பார்ப்போம்.

பிறகு பார்ப்போம் என்பதுதான் எங்கள் கம்பெனியின் உண்மையான நீண்டகாலத் திட்டம் என்பதை முப்பத்தொரு பக்கத்தில் எங்கேயும் நான் குறிப்பிடவில்லை.

அன்று மாலை கறிபாப்போடு ஃபைல் ரூமுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், கொஞ்சம் சுற்றிவளைத்து. அக்கா ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டே, ஒரு வருடம் கழித்து யார் திட்டம் எழுதுவார்கள் என்றார். நான்தான் அக்கா என்றேன்.

"நல்லது. அது மொதல்ல எங்கிட்டதானே வரும்."

இரண்டு மாதமாகிறது. ஏழு பிரிவுத் தலைவர்களும் என்னோடு தே தாரே டீ குடிக்க வருவதில்லை. குமரன் மச்சான் என்பதை விட்டுவிட்டு என்னை "சார்" என்கிறான்.

மாமியார் வீட்டு விசேஷத்துக்காக லீவு கேட்டு நான் எழுதிய இரண்டு வரி, அக்காவின் சிவப்பு மையோடு இன்று மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது: 'காரணம் தெளிவாக இல்லை.'