சும்மா விட்ட கம்ப்ரஸர்

நாலு மணிக்கு மெக்கானிக் சங்கத் தலைவர் ஷீல்டோடு வீட்டுக்கு வருகிறார். அதிக வாடிக்கையாளர்கள் பாராட்டி எழுதியது இந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக் கடையைத்தானாம். ஆனால் மெக்கானிக்கின் சொந்த வீட்டு ஃபிரிட்ஜ் காலையிலிருந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

தப்பு அவருடையதுதான். தலைவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டுமே என்று சுவிட்சை அணைத்து, துடைத்து, உடனே போட்டார். ஃபிரிட்ஜ் ஒரு முனகல் முனகி, 'டிக்' என்று நின்றது.

"என் வீட்டு ஃபிரிட்ஜே ஓடலைன்னா மானம் கப்பலேறிடுமே!"

"ரெண்டு மணி நேரம் சும்மா விடுங்க, ஓடும்," என்றாள் மனைவி. பதினெட்டு வருஷமாகக் கடைக்கு வரும் போனையெல்லாம் எடுப்பவள் அவள்தான்.

"எனக்கே பாடமா? கம்ப்ரஸர்னா மோட்டாரும் பம்பும் ஒரே உருண்டைக்குள்ள, சுத்தி வெல்டிங். திறக்காமலே உள்ள என்ன கோளாறுன்னு சொல்ற ஆள் இந்த வட்டாரத்துல நான் ஒருத்தன்தான்!"

அந்தப் பெருமையில் பொய்யில்லை. ஸ்குரூடிரைவரைக் கம்ப்ரஸரில் ஊன்றிக் காதை வைத்தாலே போதும், கோளாறைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவார். இன்று கேட்கச் சத்தமே இல்லை. மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலேயை மாற்றினார். டிக். சூடேறினால் கரண்டை வெட்டும் ஓவர்லோடை மாற்றினார். டிக். போட்டுப் போட்டுப் பார்த்ததில் கம்ப்ரஸர் கை வைக்க முடியாமல் கொதித்தது.

அடுத்த அறையில் மனைவி போனில் யாரிடமோ, "அணைச்ச உடனே போடாதீங்கம்மா, சூடு ஆறட்டும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காதில் விழவில்லை.

"மோட்டாரே போச்சு! புதுசு வாங்கிட்டு வரேன்," என்று கிளம்பிவிட்டார்.

நாலு கடை ஏறி இறங்கி, புதுக் கம்ப்ரஸரைத் தோளில் சுமந்து, வியர்த்து விறுவிறுத்து வந்தார். கூடத்தில் தலைவர் ஜில்லென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க போனதுக்கப்புறம் யாரும் கை வைக்கலை. ஆறினதும் போட்டேன்," என்றாள் மனைவி. தலைவரிடம் திரும்பி, "எல்லாம் இவர் சொல்லிக் கேட்டதுதாங்க," என்றாள்.

மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தோளில் இருந்ததை இறக்கி வைத்தார். மார்பை நிமிர்த்தி, ஷீல்டுக்காக இரண்டு கையையும் நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே," என்றார் தலைவர். "எழுதின நூத்திப்பத்துப் பேர்ல நூறு பேர், 'மெக்கானிக் வர்றதுக்குள்ள, போன்ல பேசின அக்காவே ஓட வச்சிட்டாங்க'ன்னுதான் எழுதியிருக்காங்க!"