பொட்டு வைக்காத ஸ்வரம்

விதி தெரிந்தவன் வீட்டில் இருந்தால் வீட்டுக்கு நல்லது என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் என்னோடு குடியிருந்ததில்லை.

முப்பத்தாறு வருடம் ஓர் அலுவலகத்தில் 'விதிப்படி இல்லை' என்று எழுதிக் கோப்புகளைத் திருப்பி அனுப்பினேன். ஓய்வுபெற்ற பிறகு, மாட்டுங்கா வீட்டில் ஒரு சார்ட்டை வைத்துக்கொண்டு கிடார் பழகினேன். விரல் வலித்தது, ஸ்கேல் என்ற ஸ்வர வரிசை மட்டும் உடனே பிடிபட்டது. சுருதியில் தொடங்கி, கிடாரின் கழுத்தில் சில இடங்களில் இரண்டு கட்டம், சில இடங்களில் ஒரே கட்டம் நகர வேண்டும். மொத்தம் ஏழு ஸ்வரம். மீதி ஐந்துக்கு அனுமதி இல்லை. (இவ்வளவு தெளிவான சுற்றறிக்கையைப் பணியில்கூட நான் பார்த்ததில்லை.) மறக்காமலிருக்க, மனைவி கமலாவின் ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்து, அனுமதி பெற்ற கட்டங்களில் ஒட்டினேன்.

கமலாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எங்கள் மகள் வித்யா, சான்பாடாவிலிருந்து கணவன், மாமியாரோடு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாட்டையே விட்டிருந்தாள்; புகுந்த வீட்டார் அவள் பாடிக் கேட்டதில்லை. அம்மாவுக்காக பெஹாக் ராகத்தில் ஒன்று பாட ஒப்புக்கொண்டாள். என்னிடம், "கூட மெதுவா வாசிச்சா போறும்ப்பா" என்றாள்.

பல்லவி நன்றாகவே போயிற்று. கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வரியில் வித்யா வேறொரு மத்யமத்தை, இன்னொரு 'ம'வைத் தொட்டாள். என் விரல் தேடியது. பொட்டு இல்லை. வாசிப்பதை நிறுத்திக் கையை உயர்த்தினேன்.

"வித்யா, அது ஸ்கேல்ல இல்லை."

"அப்பா, பெஹாக்ல ரெண்டு மத்யமமும் வரும்."

"சார்ட்ல ஒண்ணுதான் இருக்கு. முதல்லேர்ந்து பாடு."

சம்பந்தி மாமி காபி டம்ளரைப் பார்த்தபடியே, "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். வித்யா சிரித்தாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். கேக் வெட்டலாம் என்றாள். ரயிலுக்கு நேரமாகிறது என்றாள்.

அவர்கள் போன பின் கதவைச் சாத்திவிட்டுக் கமலா சொன்னாள்: "அவளையும் திருப்பி அனுப்பிட்டேள்."

பிறகு விசாரித்தேன். (உத்தரவு முதலில், விசாரணை பிறகு, பழக்கதோஷம்.) ஸ்கேலுக்கு வெளியே இருக்கும் அந்த ஒரு ஸ்வரத்துக்காகவே பெஹாக்கைக் காத்திருந்து கேட்பார்களாம்.

இன்றும் எங்கள் வீட்டு சாம்பாரில் புதிதாக ஒரு காய் தென்பட்டால், மாப்பிள்ளை கேட்பார்: "மாமா, இதுக்குப் பொட்டு இருக்கா?" எல்லோரும் சிரிப்பார்கள், வித்யா உட்பட.

அந்தக் கட்டத்தில் இப்போது ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறேன், மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியதாக. பார்க்காமலே அங்கே விரல் வைக்கவும் பழகிவிட்டேன். பாடுவதற்குத்தான் அவள் இன்னும் உட்காரவில்லை.