தாய்மாமன் பெயருக்கு முன்னால் ஒரு மைனஸ்

புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டவனைக் கொஞ்ச நாளைக்கு எந்தக் குடும்பக் காரியத்திலும் சேர்க்கக் கூடாது. என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலை. கோப்புகளைத் திருத்தத் திருத்தப் பழைய பிரதிகளையும் பத்திரப்படுத்தும் ஏற்பாடு ஒன்று அங்கே இருந்தது. அதில் ‘டிஃப்’ என்று ஒரு கட்டளை. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, போன வரிக்கு மைனஸ், வந்த வரிக்கு பிளஸ் போட்டுக் காட்டும்; பக்கத்தில் மாறாத வரிகளைக் குறியில்லாமல் விட்டுவிடும். ஒரு வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அதன் கணக்கில் பழைய வரி போய்விட்டது, புது வரி வந்துவிட்டது. (இதைத் தெரிந்துகொண்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கர்வப்பட அது போதும்.)

அப்போது அக்காவின் கல்யாணப் பத்திரிகை தயாராகிக்கொண்டிருந்தது. தினம் ஒரு திருத்தம். ஒவ்வொரு முறையும் முழுவதையும் படித்து அப்பாவுக்கு அலுத்துவிட்டது. “மாத்துனது இன்னான்னு மட்டும் சொல்லுடா” என்றார். வாயால் சொல்லியிருக்கலாம். நான் பத்திரிகையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் ஏற்றி, டிஃப் போட்டு, அச்சடித்து எடுத்து வந்தேன்.

கடைசித் திருத்தம் அம்மாவுடையது. “உங்க பக்கம் எல்லாப் பேருக்கும் உத்தியோகம் போட்டுக்கீது, என் தம்பிங்க மட்டும் மொட்டையா?” என்று அப்பாவிடம் சண்டை போட்டு, தன் தம்பிகள் மூவருக்கும் உத்தியோகத்தைச் சேர்க்க வைத்திருந்தார். நான் அச்சடித்ததில் மூன்று மைனஸும் முதல் பக்கத்தின் அடியில் வந்தன. மூன்று பிளஸும் இரண்டாம் பக்கத்துக்குப் போயின. அந்த இரண்டாம் பக்கத்தை அம்மா கிழித்து, எண்ணெய் வடிய அப்பளத்துக்கு அடியில் போட்டுவிட்டார்.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மொபெட்டில் வந்த ஏகாம்பரம் மாமா, அம்மாவின் மூத்த தம்பி, அந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே முதல் பக்கத்தைப் படித்தார்.

“இன்னா மாப்ளே, என் பேருக்கு முன்னாடி கோடு?”

கம்ப்யூட்டரைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை. விடுவேனா?

“மைனஸ், மாமா. அந்த வரிய எடுத்தாச்சுன்னு அர்த்தம்.”

“தம்பிங்க பேருக்கும் போட்டுக்கீது?”

“அதையும் எடுத்தாச்சு.”

“உங்கப்பன் கூடப்பொறந்தவங்க பேருக்கு முன்னாடி கோடு ஒண்ணும் காணோமே?”

“அதெல்லாம் அப்படியே இருக்கு மாமா. மெஷின் பொய் சொல்லாது.”

மாமா பாதி அப்பளத்தைத் தட்டில் வைத்தார். “நல்லா கீதுடா. அக்கா பொண்ணு கல்யாணத்துல நான் மைனஸ்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணமேடை ஏற முடியாது. அக்கா அழ ஆரம்பித்தாள். “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான். ரெண்டையும் நீ ஒருத்தனே பண்ட்டியேடா” என்றார் அம்மா.

அப்பளத்தை ஒதுக்கி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எண்ணெய்க்கு நடுவே தன் பெயரைக் கண்டுபிடித்தார்.

“இதுல கீறேனே.”

“ஆமா மாமா, உத்தியோகத்தோட.”

“போடறதுக்கு முன்னாடி எதுக்கு எடுத்த?”

“எடுத்துட்டுத்தான் போடும். அதோட பழக்கம் அது.”

“மனுஷன் அப்படிச் செய்யமாட்டான்டா” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு வந்தார், பட்டம் கட்டினார். ஆனால் என்னை விடவில்லை. பந்தியில் யாருக்காவது பாயசம் வராவிட்டால் எங்கள் வீட்டில் இன்றும், “இரு, ரெண்டாம் பக்கத்துல வரும்” என்பார்கள். சில வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அப்பா மாமாவைத் தனியாக அழைத்து, “பையன் எப்படிங்க?” என்று கேட்டிருக்கிறார்.

மாமா யோசித்துச் சொன்னாராம்: “மொதப் பக்கத்துல ஒண்ணும் இல்லீங்க. ரெண்டாம் பக்கம் பாக்கணும்.”

பெண் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி இன்னும் அந்த இரண்டாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள்.