நூறாவது உயிர்

எண்ணிக்கை தொண்ணூற்றொன்பதோடு நின்றுவிட்டது. பள்ளி வளாகத்தில் நூறு வகை உயிர்களைப் படம்பிடித்து, ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும் செயலியில் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வகுப்பில் செல்போனே கூடாது என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நூறாவதைத் தேடிக் குழாயடியே கதியென்று கிடந்தார்கள். அந்த வாடிய முகங்களைப் பார்க்கப் பொறுக்காமல் உயிரியல் ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூச்சி சார். அதில் அவருக்குப் பெருமைதான். தன் மகள் குளிக்கும்போது விளையாடும் ரப்பர் தவளையை ஒளித்துக் கொண்டுவந்து, குழாயடிச் செடி மறைவில் உட்கார வைத்தார்.

மூன்றாம் நாள் வகுப்பே கத்தியது. "சார், நூறு!"

சார் சிரித்துவைத்தார். படத்தைத் திறந்து பார்க்கத்தான் தெம்பில்லை.

"இன்னும் கேளுங்க சார்! ஆராய்ச்சிக்காரம்மா ஒருத்தங்க நேர்லயே வர்றாங்க. இந்தப் பக்கம் இதை யாருமே பார்த்ததில்லையாம்!"

"பார்த்திருக்க மாட்டாங்கதான்," என்றார் சார்.

மதியம் தவளையைக் கடத்தப் போனார். சுற்றிலும் கயிறு கட்டி, பிள்ளைகள் முறைவைத்துக் காவல் நின்றார்கள்.

"உள்ள கால் வைக்காதீங்க சார். உயிர் இருக்கிற இடத்தைக் கலைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் பாடத்தை அவருக்கே நடத்துகிறார்கள்! அந்தக் கலவரத்திலும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்பேர்ப்பட்ட பிள்ளைகளின் மானத்தையா கப்பலேற்றப் போகிறோம்?

தலைமையாசிரியையிடம் ஓடினார். "மேடம், வர்றவங்களைக் கொஞ்ச நாள் தள்ளி வரச் சொல்லலாமா?"

"நல்லா இருக்கே! பெத்தவங்க எல்லாரையும் கூப்பிட்டாச்சு. நீங்கதான் சார் வரவேற்புரை."

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு நடுவே ஆராய்ச்சியாளர் குழாயடியில் மண்டியிட்டு, தவளையை நோக்கிக் கையை நீட்டினார்.

"நிறுத்துங்கம்மா!" சார் கத்திவிட்டார். "அது ரப்பர். நான்தான் வச்சேன். பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல, என்னை என்ன வேணாலும் பண்ணுங்க!"

தலைமையாசிரியை பேயறைந்தவர்போல நின்றார். ஆராய்ச்சியாளர் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் தவளையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஈர மண்ணில் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். "அடடா, அடடா!" என்றார்.

வருஷம் முழுக்க வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் சாரின் காதருகே வந்தாள்.

"ரப்பர்னு அன்னிக்கே தெரியும் சார், வயித்துல கம்பெனி பேரு இருந்துச்சே, நாங்க ஏத்தினது அதுக்கடியில குடிவந்த நத்தையை."